நோர்மாவின் குளிர்காலக் கோட்டு

நெல்லோ பந்தினி சியேனா நகரத்தில் குட்டி பஸ் ஓட்டுகிறவர். பெரிய பஸ் மூக்கை நுழைக்க முடியாத சந்துகளில், பக்கத்துக்கு ஒரு சாண் இடம் இருந்தால் போதும், கண்ணாடியை மடக்கிவிட்டு அலட்டிக்கொள்ளாமல் போய்விடுவார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சுவரைக்கூட உரசினதில்லை என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு. அப்பேர்ப்பட்டவர் அந்த ஜூன் மாதம் வீட்டுக்குள் உரசிவிட்டார். அதுவும் நோர்மாவை.

நோர்மா அவர் மனைவி. மருந்துக் கடையில் வேலை. நெல்லோ ஆமைப் பேட்டைக்காரர், நோர்மா நத்தைப் பேட்டைக்காரி. குதிரைப் பந்தயம் விடுகிற ஊரில் பேட்டைக்கு வைக்க வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் ஊரில் பேட்டைகள் பதினேழு. ஜூலையிலும் ஆகஸ்டிலும் பெரிய சதுக்கத்தில் மண் கொட்டிக் குதிரைகளை மூன்று சுற்று ஓடவிடுவோம். சுற்று முடிவதற்குள் ஒரு வருஷத்து மானம் போய்விடும், இல்லை வந்துவிடும். ஆமைக்கும் நத்தைக்கும் எந்தக் காலத்திலோ முட்டிக்கொண்டது. ஏன் என்று கேட்டால் இரண்டு பக்கமும் இரண்டு கதை சொல்வார்கள், இரண்டிலும் மற்றவன்தான் அயோக்கியன்.

இப்படி எதிரிப் பேட்டைகளுக்குள் கல்யாணம் ஆனால் அதற்கும் ஊரில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. எந்தப் பேட்டைக்கு எந்தக் குதிரை என்று சீட்டுக் குலுக்குகிற காலையில் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த பேட்டைக்குப் போய்விடுவாள். பந்தயம் முடிந்த பிறகுதான் திரும்பி வருவாள். ஒரே கட்டிலில் படுத்தால் குதிரையின் கால்வலி தலையணை வழியாக எதிரிக்குப் போய்விடும் அல்லவா. நோர்மாவும் கல்யாணமான நாள் முதல் அப்படித்தான் தன் அக்கா வாந்தா வீட்டுக்குப் போய் வந்தாள். வாசலில் நின்று ஒரு வம்பு இழுக்காமல் போனதில்லை.

"அழுதுக்கிட்டே வந்து கதவைத் திறப்பே பாரு, ஆமை!"

"போடி நத்தை. முதல்ல உன் குதிரைக்கு நடக்கச் சொல்லிக் குடு!"

ஆமை கடைசியாக ஜெயித்த வருஷம் நோர்மா திரும்பி வந்தபோது, நெல்லோ அவள் தலையணைமேல் ஒரு விளக்கெண்ணெய் பாட்டிலை ரிப்பன் கட்டி வைத்திருந்தார். தோற்ற எதிரிக்கு விளக்கெண்ணெய் கொடுப்பது எங்கள் ஊர் மரியாதை. வயிற்றில் இருக்கிற பொறாமையெல்லாம் போகட்டும் என்று. நோர்மா அந்தப் பாட்டிலை அவர்மேல் எறியப்போய், சிரிப்பு வந்து, எறியாமல் விட்டாள். "எனக்கும் ஒரு நாள் வரும்" என்றாள். அந்த நாள் வரவேயில்லை. நத்தைக்கு வெகு காலமாகவே வெற்றி கிடையாது.

இனி உரசின கதை. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு சின்ன நீரூற்று உண்டு. குழந்தையை அங்கே கொண்டுபோய்த் தலையில் தண்ணீர் தெளித்து, பேட்டைத் துண்டைக் கழுத்தில் கட்டிவிட்டால் அது சாகும்வரை அந்தப் பேட்டைதான். கோயில் ஞானஸ்நானத்தைக்கூட ஒருவன் மறந்துபோகலாம், பேட்டை ஞானஸ்நானத்தை மறக்கிறவன் கிடையாது. நெல்லோவின் ஒரே மகள் கிளேலியா பிறந்தபோது, பெற்றவள் நான்தானே என்று நோர்மா அவளை நத்தைக்குக் கொண்டுபோய்விட்டாள். நெல்லோ வாயைத் திறக்கவில்லை. ஆனால் மகள் நத்தைத் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடும்போதெல்லாம் அவருக்குச் சோறு இறங்காது.

கிளேலியா தூரினோவில் வாழ்க்கைப்பட்டு, நீனா பிறந்ததும், தாத்தாவும் பாட்டியும் தொட்டில்மேல் கை நீட்டி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இருவரும் குழந்தையைத் தங்கள் பேட்டை ஊற்றுக்குக் கொண்டுபோகக்கூடாது. பேச்சு வந்த பிறகு எந்தப் பேட்டை என்று அவளே சொல்லட்டும். சொன்ன சொல் மாறக்கூடாது.

நெல்லோ மாறினார். ஜூன் மாதம் மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். நோர்மாவும் கிளேலியாவும் செருப்பு வாங்க ஃபிளாரன்ஸ் போன ஞாயிற்றுக்கிழமை, ஆமைப் பேட்டையின் திருநாள். மாப்பிள்ளைக்கு இந்த ஊர் விவகாரம் ஒன்றும் தெரியாது. "ஒரு சின்னச் சடங்கு மாப்ளே, தண்ணி தெளிப்பாங்க, அவ்வளவுதான்" என்று நெல்லோ சொல்ல, அவரும் தலையாட்டிவிட்டார். நெல்லோவின் கூட்டாளி ஈவோ ஞானத்தகப்பனாக நின்றான். குழந்தை அழவேயில்லை. பேட்டையே கைதட்டியது. நெல்லோ மஞ்சளும் நீலமுமான அந்தக் குட்டித் துண்டைச் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, காலுறைகளுக்கு அடியில் செருகிவிட்டு, பூனை மாதிரி சோபாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

குதிரைச் சீட்டுக்கு முந்தின நாள் ஆமைப் பேட்டைப் பெண்மணி ஒருத்தி கண் மருந்து வாங்க மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். "பேத்திக்கு வாழ்த்துகள் நோர்மா, எவ்வளவு சமர்த்தான ஆமைக்குட்டி!" என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது சொல்லிவிட்டாள்.

நோர்மா வீட்டுக்கு வந்தாள். சமைத்தாள். சாப்பிட்டாள். தட்டைக் கழுவும்போது கேட்டாள்:

"எப்ப சொல்றதா இருந்தே?"

"பந்தயம் முடிஞ்சதும்..."

"சரி."

நோர்மாவுக்குக் கோபம் வந்தால் பாத்திர மூடிகள் பறக்கும், அடுத்த தெருவுக்குக் கேட்கும். அன்றைக்கு ஒரு மூடிகூடச் சத்தம் போடவில்லை. மறுநாள் காலை அவர் முதல் பஸ் எடுக்கப் போய்விட்டுத் திரும்பும்போது அவள் கிளம்பிப் போயிருந்தாள். இன்றைக்குச் சீட்டு நாள்தானே, வழக்கமாகப் போகிறதுதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வாசல் வம்பு இல்லாதது மட்டும் என்னமோ போல இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. வாசலில் இரண்டு மூட்டைகள் நின்றன. மூட்டைகளுக்குக் கீழே கால்கள் இருந்தன. மகள் கல்யாணமாகிப் போன பிறகு அவள் அறையை, இப்படி முதுகில் மூட்டையோடு ஊர் சுற்றும் ஜோடிகளுக்கு விடுவது நோர்மாவின் வேலை. வசந்த காலத்திலேயே இவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். நெல்லோவுக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"நாங்க ரொசாரியோவிலேர்ந்து வர்றோம், அர்ஜென்டினா" என்றாள் பெண். பெயர் லூஸ். ஒல்லியாக, மூக்கு வெயிலில் உரிந்து, கண் மட்டும் துறுதுறுவென்று. "சிஞோரா நோர்மா இல்லையா?"

"அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. பந்தயம் முடியற வரைக்கும்."

"பந்தயத்துக்காகவா? பொண்டாட்டி வீட்டை விட்டுப் போறாளா?" பையன் ரமிரோ வாய் நிறையச் சிரித்தான். ஒரு உணவகத்தில் இத்தாலியச் சமையல்காரர்களோடு வேலை பார்த்தவன், அதனால் எங்கள் பாஷை அவனுக்குத் தெரியும், அவனிடமிருந்து லூஸுக்கும். வசவுகள் இன்னும் நன்றாகத் தெரியும். "லூஸ், கேட்டியா? நம்ம ஊர்ல ஃபுட்பால் மேட்ச் அன்னிக்கு நீயும் உங்கம்மா வீட்டுக்குப் போலாம்."

"போனா திரும்பி வரமாட்டேன், பரவாயில்லையா?"

நெல்லோவும் சிரித்தார். அறையைக் காட்டினார். "பீரோவுல பாதிக்கு எங்க வீட்டுக்காரியோட குளிர்காலத் துணி இருக்கும். ஒதுக்கிட்டு உங்க துணியை மாட்டிக்குங்க" என்றார். காபி வைக்கப் போனார்.

கொஞ்ச நேரத்தில் லூஸ் சமையலறைக்கு வந்தாள். "உங்களுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு! எங்களுக்காக முழுசாவே காலி பண்ணி வெச்சிருக்கீங்களே."

"எதை?"

"பீரோவை. வெறும் ஹேங்கர்தான் தொங்குது."

நெல்லோ அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். அந்துருண்டை வாசனை மட்டும் இருந்தது. நோர்மாவின் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு இல்லை. காலரில் ரோமம் வைத்தது, கல்யாணத்துக்கு அடுத்த குளிர்காலத்தில் வாங்கினது, பித்தான்களை மூன்று முறை மாற்றியும் அவள் விடாமல் போட்டுக்கொள்கிற கோட்டு. வெளியே வெயில் கல்லைப் பிளந்துகொண்டிருந்தது. ஜூன் கடைசியில், நாலு நாளில் திரும்பி வரப்போகிறவள் எவளும் கம்பளிக் கோட்டை எடுத்துக்கொண்டு போகமாட்டாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அது இப்போது விருந்தாளிகளின் கட்டில் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பஸ்ஸில் ஈவோ ஏறினான். ஒவ்வொரு வருஷமும் இந்த நாட்களில் அவன் சொல்வது ஒன்றுதான்.

"என்னடா நெல்லோ, இந்த வருஷமும் டைவர்ஸா?"

பஸ்ஸில் இருந்த ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். நெல்லோவும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே. எங்கள் ஊரில் பந்தயத்துக்கு முன்னால் அந்த நாலு நாள் மட்டும் ஒருத்தி நிஜமாகவே புருஷனை விட்டுப் போனால் ஒரு பிராணிக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி நோர்மா பெட்டியோடு போவதைப் பார்த்திருக்கிறாள். "வழக்கத்தைவிடப் பெரிய பெட்டியா இருந்துச்சே, நத்தை ஜெயிக்கும்னு நம்பிக்கையோ?" என்று அதையும் கேலியாகத்தான் சொன்னாள்.

ஆமைப் பேட்டையில் யாரிடமாவது மனசைத் திறந்து சொல்லலாம் என்றால், அங்கே அவர் வீரன். நத்தைக்காரியின் பேத்தியைக் கொத்திக்கொண்டு வந்த சூரன். தெருவில் நடந்தால் முதுகில் தட்டுகிறார்கள். நோர்மாவின் கைபேசிக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். மகளைக் கூப்பிட்டால் அவள், "அப்பா, பந்தயம் முடிஞ்சப்புறம் உங்களோட பேசறேன், இப்ப பேசினா கெட்ட வார்த்தைதான் வரும்" என்று வைத்துவிட்டாள்.

கடைசியில் அவர் சொன்னது அந்த மூட்டைக்காரர்களிடம்தான். அவர்கள் நாளெல்லாம் சுற்றிவிட்டுத் தூசியும் தக்காளிப் பழமுமாக வருவார்கள். ரமிரோவே சமைப்பான். எங்கள் ஊர் ரொட்டியைக் கடித்துவிட்டு, "உப்பு போட மறந்துட்டாங்க" என்று தினமும் புகார் சொல்வான். எங்கள் ஊர் ரொட்டிக்கு உப்பே கிடையாது என்று நெல்லோவும் தினமும் சொல்வார். சுரைக்குடுக்கையில் பச்சை இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, இரும்புக் குழாயால் உறிஞ்சுவார்கள். நெல்லோவுக்கும் கொடுத்தார்கள். வேப்பங்காய்க் கசப்பு. மரியாதைக்குக் குடித்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது லூஸ் பட்டென்று கேட்டாள்.

"சிஞோர் நெல்லோ, அவங்க பந்தயத்துக்காகப் போகலைல்ல?"

"லூஸ்!" என்றான் ரமிரோ.

"என்ன லூஸ்? அந்த பீரோவைப் பார்த்த நிமிஷத்துலேர்ந்து இவர் மூஞ்சியே சரியில்லை."

நெல்லோ குழாயை வாயிலிருந்து எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னார். தொட்டில், ஒப்பந்தம், மாப்பிள்ளை, காலுறை அலமாரி, மருந்துக் கடை, அந்த 'சரி'. சொல்லி முடித்தபோது தான் செய்தது அவருக்கே அவ்வளவு அற்பமாகத் தெரிந்தது, தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு தண்ணி தெளிச்சதுக்கா?" என்று ரமிரோ ஆரம்பித்தான்.

"தண்ணிக்கு இல்லடா மக்கு" என்றாள் லூஸ். "இவர் சொன்ன சொல்லுக்கு. அதுவும் அவங்களுக்குக் கடையில வெச்சுத் தெரியுது." நெல்லோவைப் பார்த்தாள். "போய் மன்னிப்புக் கேளுங்க. இங்கேர்ந்து அஞ்சு நிமிஷ நடைதானே?"

"இந்த நாள்ல நான் நத்தைத் தெருவுல கால் வெக்கிறதா? என் கால் திரும்பி வராதும்மா. அது போனாலும் போகட்டும், அவளுக்கு அசிங்கம். ஆமைக்காரன் புருஷன் பந்தயத்துக்கு முன்னால வந்து வாசல்ல நின்னான்னா அவ பேட்டையில அவளைப் பத்தி என்ன பேசுவாங்க? நத்தைக் குதிரை ரகசியத்தை இவ வித்துட்டான்னுவாங்க."

"நாங்க போலாமா?"

நெல்லோ நிமிர்ந்தார். இது அவருக்குத் தோன்றவேயில்லை. வெளியூர்க்காரன் எங்கள் ஊரில் எந்தத் தெருவிலும் போகலாம். அவனுக்குப் பேட்டை கிடையாது, பாவம்.

என்ன சொல்லி அனுப்புவது என்று வெகு நேரம் யோசித்தார். நான்கு வார்த்தை சேர்த்தார், நான்கும் வக்கீல் பேசுகிற மாதிரி இருந்தன. எழுந்து போய்க் காலுறைகளுக்கு அடியிலிருந்து நீனாவின் துண்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். அந்தத் துண்டை எதிரி கையில் கொடுப்பது என்றால் ஒரு ஆமைக்காரனுக்குத் தோலை உரித்துக் கொடுப்பது போல.

"இதைக் குடுங்க. வெச்சுக்கட்டும், எரிக்கட்டும், அவ இஷ்டம். நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

பந்தயத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவர்கள் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஒவ்வொரு பேட்டையும் தெருவை அடைத்து மேசை போட்டு விருந்து வைக்கும். பெண்கள் காலையிலிருந்தே அந்தச் சமையலில் இருப்பார்கள். நோர்மாவும் அங்கேதான் இருப்பாள். நெல்லோ வீட்டில் கூண்டுக்குள் அடைத்த மாதிரி நடந்தார். நத்தைத் தெருவில் ஆமைத் துண்டோடு பிடிபட்டால் அந்தப் பிள்ளைகளை என்ன செய்வார்களோ என்கிற பயம் இப்போதுதான் வந்தது.

அவர்கள் வியர்த்து வழிந்துகொண்டு வந்தார்கள்.

"தடி தடியா நாலு பேர் வழியில நின்னாங்க" என்றான் ரமிரோ. "தண்ணி இருக்கான்னு கேட்டாங்க. நான் நல்லவனாட்டம் பையைத் திறந்து பாட்டிலை எடுக்கறேன், பாட்டிலோட உங்க துண்டும் எட்டிப் பாக்குது! இவ என்ன பண்ணா தெரியுமா? மயக்கம் வர்ற மாதிரி என் மேல சாய்ஞ்சுட்டா."

"அப்புறம் அந்தத் தடியனுங்கதான் என்னைத் தாங்கிப் பிடிச்சு நிழல்ல உக்கார வெச்சாங்க. நல்லவனுங்க" என்றாள் லூஸ்.

"நோர்மா?" என்றார் நெல்லோ.

"வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. தனியாக் கூப்பிட்டுக் குடுத்தேன். பார்த்தாங்க. ஏப்ரன் பைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. ஒண்ணுமே பேசலை. எங்களுக்குத் தட்டு நிறையச் சாப்பாடு போட்டாங்க."

"ஒண்ணுமே சொல்லலையா?"

லூஸ் யோசித்தாள். "நாங்க கிளம்பறப்ப ஒண்ணு கேட்டாங்க. அவருக்கு யாரு சமைக்கிறான்னு."

அதை வைத்துக்கொண்டு நெல்லோ அன்று முழுக்க மேலும் கீழும் புரட்டினார். அக்கறையா, இல்லை, இனிமேல் நீயே சமைத்துக்கொள் என்பதா? பிடி கிடைக்கவில்லை.

பந்தய நாள். மத்தியானம் ஆமைக் குதிரையைப் பேட்டைக் கோயிலுக்குள் அழைத்துப் போய்ப் பாதிரியார் மந்திரித்தார். "போ, ஜெயித்து வா!" என்றார். குதிரை அங்கேயே சாணி போட்டது. கோயிலில் சாணி போட்டால் அதைவிட நல்ல சகுனம் கிடையாது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டது. ஈவோ அழுதேவிட்டான். நெல்லோவும் சந்தோஷப்பட்டார், பொய் சொல்வானேன், அந்த ஒரு நிமிஷம் கோட்டு மறந்துபோயிருந்தது.

சதுக்கத்தில் எள் போட இடமில்லை. நடுவில் வெளியூர் ஜனம், அதற்குள் எங்கோ ரமிரோவும் லூஸும். ஓரப் படிகளில் பேட்டைக்காரர்கள். எதிர்ப் படிகளில் நத்தைகள். நெல்லோ நோர்மாவைத் தேடினார், ஒரே சிவப்பும் மஞ்சளுமாகத் தெரிந்ததே தவிர முகம் தெரியவில்லை. குதிரைகள் கயிற்றுக்கு வந்தன, முட்டின, விலகின, மறுபடி வந்தன. ஊர் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு நின்றது. அப்புறம் கயிறு விழுந்தது.

ஆமை நன்றாகக் கிளம்பியது. முதல் சுற்றில் இரண்டாவது. இரண்டாம் சுற்றில் கீழ் வளைவில் நத்தைக் குதிரை உள்பக்கமாக நுழைந்தது, சுவரில் உரசியது, சவாரிக்காரன் அடிபடாமல் இருக்க அங்கே சாத்தியிருந்த மெத்தையில் மோதி உருண்டான். நெல்லோ கத்தினார், தொண்டை கிழியக் கத்தினார். ஆனால் அந்தக் குதிரை நிற்கவில்லை. முதுகில் பாரம் போனதும் அதற்கு இன்னும் வேகம் வந்துவிட்டது. தனியாக, காதை மடக்கிக்கொண்டு, யாரும் ஓட்டாமல் ஓடியது. எங்கள் ஊர்ச் சட்டப்படி ஆளில்லாமல் வந்தாலும் முதலில் வந்த குதிரை ஜெயித்ததுதான். நத்தை முதலில் வந்தது. ஆமை அதற்கு ஒரு கழுத்து பின்னால், இரண்டாவதாக. இரண்டாவதாக வருவதைவிடக் கடைசியாக வருவது மேல்.

எதிர்ப் படிகள் அப்படியே சரிந்து மைதானத்துக்குள் ஓடின. ஆமைப் படிகளில் பெரிய மனிதர்கள் குழந்தைகள் மாதிரி அழுதார்கள். நெல்லோ அழவில்லை. அவர் மனசில் ஒன்றுதான் ஓடியது. ஜெயித்த பேட்டை சும்மா இருக்காது. இன்றைக்கு ஊர்வலம், நாளைக்கு விருந்து, இலையுதிர் காலம் வரைக்கும் கொண்டாட்டம் இருக்கும். நோர்மாவுக்கு இனி வீட்டுக்கு வர ஒரு காரணமும் இல்லை. கோட்டும் கையில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சன்னல் கதவுகளை எல்லாம் சாத்தினார். எதிரி ஜெயித்தால் சன்னலைச் சாத்திவிட்டு வெளிச்சம் இல்லாமல் இருப்பது எங்கள் வழக்கம். இருட்டில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே இன்னும் வெயில் மிச்சம் இருந்தது, கதவு இடுக்கில் கோடு கோடாகத் தெரிந்தது. தூரத்தில் நத்தைகளின் மத்தளம் கேட்டது. பிறகு பக்கத்தில் கேட்டது. அப்புறம் படியில் காலடிச் சத்தம். பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று நினைத்தார். அவர்களிடம் சாவி இல்லையே என்பது பூட்டு திறந்த பிறகுதான் உறைத்தது.

வாசலில் நோர்மா நின்றாள். கழுத்தில் நத்தைத் துண்டு, முகமெல்லாம் சிவப்பு. வாயில் கைக்குழந்தைக்குக் கொடுக்கிற ரப்பர் நிப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்த பேட்டைக்காரர்கள் புதிதாகப் பிறந்துவிட்டார்கள் என்று கிழவர்கள்கூட அன்றைக்கு அதை வாயில் வைத்துக்கொண்டு திரிவார்கள். ஒரு கையில் ரிப்பன் கட்டின பாட்டில். மறு கையில், ஜூலை மாதப் புழுக்கத்தில், சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. பின்னால் ரமிரோவும் லூஸும், அவர்கள் வாயிலும் நிப்பிள்.

நோர்மா நிப்பிளை எடுத்தாள்.

"ஆளே இல்லாத குதிரைகிட்ட தோத்துட்டு இருட்டுல உக்காந்திருக்கியா? வாயைத் திற."

நெல்லோ எழுந்தார். வாயைத் திறந்தார். அவள் பெரிய கரண்டியில் விளக்கெண்ணெயை ஊற்றி வாய்க்குள் தள்ளினாள். அவர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் முழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது எண்ணெயால் வந்தது என்றே எல்லாரும் வைத்துக்கொள்ளட்டும்.

"எப்படி இருக்கு?"

"அந்தப் பிள்ளைங்க குடுத்த கஷாயத்துக்கு இது தேவலை."

ரமிரோவுக்குச் சிரிப்பில் நிப்பிள் கீழே விழுந்தது. நோர்மா சிரிக்கவில்லை. பையிலிருந்து நீனாவின் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு, நாலாக மடித்திருந்தாள்.

"நான் துவைச்ச முதல் ஆமைத் துணி. கை கூசிச்சு. தெளிச்ச தண்ணியை இனிமே துடைக்க முடியாது, அவ ஆமைதான். வளரட்டும். ஆனா கேட்டுக்கோ. கிளேலியா அடுத்தது பெத்தா, நீ அந்தத் தொட்டில் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கக்கூடாது."

"படுக்கமாட்டேன்."

"நீ சொன்னா நான் எப்படி நம்பறது?"

"தப்புப் பண்ணிட்டேன் நோர்மா. ரொம்பக் கேவலமான வேலை. உன்னைக் கடையில அத்தனை பேர் முன்னால தலைகுனிஞ்சு நிக்க வெச்சுட்டேன்" என்றார். நாலு நாளாகச் சேர்த்து வைத்த வக்கீல் வார்த்தைகளில் ஒன்றும் அதில் இல்லை.

அவள் கோட்டைத் தூக்கிக் காட்டினாள். "கோட்டை எதுக்கு எடுத்துட்டுப் போனேன்னு கேக்கலியா?"

"பயமா இருக்கு."

"இந்தக் குளிர்காலம் அக்கா வீட்டுலதான்னு முடிவு பண்ணித்தான் எடுத்துட்டுப் போனேன். அந்தப் பொண்ணு துண்டைக் கொண்டுவந்து குடுத்தா பாரு, அப்பவே மனசு மாறிடுச்சு. வெங்காயத்தைப் போட்டுட்டு ஓடி வந்துடலாமான்னு இருந்துச்சு. ஆனா பந்தயத்துக்கு முன்னால எப்படிய்யா வர்றது? ஊர் சிரிக்காது?"

நெல்லோ மெதுவாகக் கேட்டார். "தோத்திருந்தீங்கன்னா?"

"தோத்திருந்தாலும் வந்திருப்பேன்" என்றாள் நோர்மா. "விளக்கெண்ணெய் இல்லாம வந்திருப்பேன்."

லூஸ் உள்ளே போய், பீரோவில் தொங்கிய தன்னுடைய ஒரே கவுனையும் ரமிரோவின் சட்டையையும் ஓரமாகத் தள்ளினாள். நோர்மா கோட்டை மாட்டினாள். கம்பியில் ஹேங்கர் உரசுகிற சத்தம் சமையலறைவரை கேட்டது.

கீழே நத்தைகளின் ஊர்வலம் தெருவுக்குள் திரும்பியது. மத்தளமும் பாட்டும் சுவரை அதிர வைத்தன. நெல்லோ போய்ச் சன்னல் கதவுகளை விரியத் திறந்தார்.

நத்தை ஜெயித்த நாளில் தோற்ற ஆமைக்காரன் ஒருவன் சன்னலைத் திறந்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஊர்வலமே ஒரு நிமிஷம் பாட்டை நிறுத்திவிட்டு அண்ணாந்தது. "ஏய் ஆமை! வெக்கமா இல்லையா?" என்று கீழேயிருந்து ஒருவன் கூவினான். "இருட்டுல போய் ஒளிஞ்சுக்க!" என்று இன்னொருவன் விளக்கெண்ணெய் பாட்டிலை ஆட்டிக் காட்டினான்.

"குடிச்சாச்சு!" என்று நெல்லோ மேலிருந்து கத்தினார். "என் வீட்டுக்காரி வந்தாச்சுடா! நான் குடிச்சாச்சு!"